டி.ஆர்.டி.ஓ.வின் டி.டி.எஃப். நிதி: சின்னப் பட்டறைக்கு ஒத்துவருமா?

கோவையில் மெஷினிங் பட்டறை நடத்துபவனாகச் சொல்கிறேன். மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. நடத்தும் தொழில்நுட்ப வளர்ச்சி நிதி (டி.டி.எஃப்.) கடன் இல்லை, மானியம். அதுதான் பெரிய பலம். திட்டச் செலவில் 90 சதவீதம் வரை கிடைக்கும். 10 கோடி ரூபாயாக இருந்த உச்சவரம்பை 2022-இல் 50 கோடியாக உயர்த்தினார்கள்.

பணம் மொத்தமாக வராது, கட்டம் கட்டமாகத்தான். இடைவெளியில் டைட்டானியம் வாங்குவதும் கூலி கொடுப்பதும் நம் தலையில். வங்கியில் ஓ.டி. (இருப்புக்கு மேல் பணம் எடுக்கும்) வசதி இல்லாதவர்கள் யோசித்து இறங்கவும்.

கல்லூரியையும் கூட்டுச் சேர்க்கலாம். எங்கள் தலைவலியே அங்கேதான். பேராசிரியர் தங்கமான மனிதர். ஆனால் ஒரு ஸ்ட்ரெயின் கேஜ் (உலோகம் எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்று அளக்கும் சின்ன உணரி) வாங்கக்கூட மூன்று கொட்டேஷன், கமிட்டிக் கையெழுத்து, அப்புறம் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். அதுவரை பாகத்தைச் சோதிக்கும் டெஸ்ட் ரிக் சும்மா கிடந்தது. யார் எதை வாங்குவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சில்லறைச் சாமான்கள் பட்டறை பெயரில் இருக்கட்டும்.

அறிவுசார் சொத்துரிமை டி.ஆர்.டி.ஓ.வுக்கும் நமக்கும் கூட்டாக. சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்குச் சரியென்றே படுகிறது, பணம் அவர்களுடையதுதானே!

இந்தத் திட்டத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. மானியம் தொழில்நுட்பத்தை உருவாக்குவதற்கு மட்டும்தான். ஆர்டர் கிடைப்பது தனிக் கதை.