கொடைக்கானல் பிரேம் கடையில் பரோக் கால பைபிள் படங்கள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

கொடைக்கானல் ஏழு ரோட்டிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் வருகிற பிரேம் கடையில், பரோக் காலத்து (ஐரோப்பாவில் பெரும்பாலும் 17-ம் நூற்றாண்டு) பைபிள் படங்களின் நகல்களை இப்போது விற்கிறார்கள். யோசிக்காமல் வாங்க வேண்டியது பிரெஞ்சுக் கலைஞர் குளோட் மெல்லான் 1649-ல் அச்சுக்காகச் செப்புத் தகட்டில் செதுக்கிய வெரோணிக்காள் துணி. சிலுவைப்பாதை ஆறாம் தலத்தில் இயேசுவின் முகத்தைத் துடைத்த துணியில் அவர் முகம் பதிந்தது என்போமே, அதுதான். மூக்கு நுனியில் ஒரு கோடு தொடங்கிச் சுற்றிச் சுற்றி ஓரம் வரை விரிகிறது, முகத்தை உருவாக்க வேறு கோடே கிடையாது. நிழல் வேண்டிய இடத்தில் உளியை அழுத்தியிருக்கிறார், கோடு தடிக்கிறது; வெளிச்சத்தில் மயிரிழையாக மெலிகிறது. கண், முள்முடி, வழியும் ரத்தத்துளி, கீழே உள்ள லத்தீன் எழுத்து, எல்லாம் அப்படி வந்தவைதான். கடையிலேயே லென்ஸ் வாங்கிப் பார்த்தேன், நகலிலும் சுற்றுகள் ஒட்டாமல் தனித்தனியாகத் தெரிகின்றன. ஏ3 அளவில் எடுங்கள், மூலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். சின்னதில் எல்லாம் கலந்து சாம்பல் பூச்சாகிவிடுகிறது.

டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் ‘மூன்று சிலுவைகள்’ (1653) அச்சுப்படத்தின் நகலை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். மூலத்துக்காகச் செப்புத் தகட்டை ஊசியால் நேரடியாகக் கீறும்போது ஓரத்தில் பிசிறு எழும், அதில் மை தங்குவதால்தான் அந்த மெத்தென்ற கருப்பு வரும். கடையின் இங்க்ஜெட்டில் அது தார் பூசிய மாதிரி இருக்கிறது, மேலிருந்து இறங்கும் ஒளிக்குப் பக்கத்தில் இருட்டில் நிற்கிற ஆட்களையே காணோம். படத்தின் உயிரே அவர்கள்தான். சொன்னதற்கு, “டூரிஸ்ட் எல்லாம் பேரைப் பார்த்துத்தான் எடுக்கறாங்க சார்” என்றார் கடைக்காரர்.

பரோக்குக்குச் சற்று முந்தியது என்றாலும், சேசு சபைக்காரர் நடாலின் நற்செய்திப் படங்களும் (ஆண்ட்வெர்ப், 1593) சில இருக்கின்றன. காட்சிக்குள்ளேயே ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டு, எந்த எழுத்து எந்தச் சம்பவம் என்று கீழே விளக்கியிருப்பார்கள். மறைக்கல்வி வகுப்பு எடுப்பவர்களுக்கு இதைவிட நல்லது கிடைக்காது, ஆனால் விளக்கம் முழுக்க லத்தீன். செண்பகனூரில் சேசு சபைக் கல்லூரியே இருக்கிற ஊரில், ஒரு தாளில் தமிழ் அடித்துக் கொடுக்கக் கூடாதா?

அப்புறம் பிரேம். மவுண்ட் (படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி விடுகிற அட்டை ஓரம்) வைக்காமல் கண்ணாடியை நேராகப் படத்தின் மேல் அழுத்திக் கொடுக்கிறார்கள். நம்ம ஊர் ஐப்பசி ஈரத்துக்கு அது ஆகாது, தாள் கண்ணாடியில் ஒட்டிப் பூஞ்சை பிடிக்கும். மவுண்ட் கேட்டால் வைத்துத் தருகிறார்கள், கொஞ்சம் கூடுதல் காசு. கேட்டு வாங்குங்கள்.