பதாகையில் இருந்தவரின் கமரா

யாழ்ப்பாணத்தில் புதுக் கமரா வாங்க யோசிப்பவர்கள், அதிலும் இப்போதுதான் கலியாண வீடு, சாமத்தியவீடு எடுக்கத் தொடங்கியிருக்கிற தம்பிமார், காசை எண்ணிக் கொடுக்க முன்னம் இதை ஒருமுறை வாசியுங்கள். எனக்கு 485,000 ரூபாய் போனது. மனைவியின் ஆறு காப்பை அடைவு வைத்து எடுத்த காசு. கடையின் பெயரையும் கமராவின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. யாரையும் சந்தியில் நிறுத்துவது என் நோக்கமில்லை, இன்னொருவருக்கு இது நடக்கக்கூடாது.

கோண்டாவிலில் வீட்டோடு சேர்ந்த சின்ன ஸ்ரூடியோ என்னுடையது. ஒன்பது வருடமாக ஒரே டிஎஸ்எல்ஆர் கமராதான், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த பெரிய கமராதான், சோறு போட்டது. போன வருடம் அதற்கு வயது தெரியத் தொடங்கியது. மண்டப வெளிச்சத்தில் போக்கஸ் தேடித் தேடி ஓடும், ஆராத்தி எடுத்து முடிந்த பிறகுதான் நிற்கும். அந்தக் கண்ணாடி இல்லாத புதிய வகையான மிரர்லெஸ் கமரா ஒன்றுக்கு மாறுவோம் என்று முடிவெடுத்தேன்.

யாழ் நகரில் அந்தக் கடை வாசலில் ஆளுயரத்துக்கும் மேலே ஒரு பதாகை தொங்கியது. அதில் கமராவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவரை இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே கலியாணம் செய்கிறவர்கள் முதலில் விசாரிப்பது அவரைத்தான். நானே அவருடைய படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் வெளிச்சம் பிடிக்கப் பழகினேன். அவர் அந்தக் கமராவைப் பற்றி மூன்று நிமிடக் காணொளி ஒன்றும் போட்டிருந்தார். கசூரினாக் கடற்கரை, பொழுது சாயும் நேரம், சிவப்புக் கூறைச்சேலையோடு பொம்பிளை தண்ணீரில் நடந்து வருகிறார். கடைசியில் அவர் சொல்கிறார்: "சத்தமே இல்லாமல் எடுக்கலாம். தாலி கட்டேக்க ஐயரின்ரை மந்திரம் மட்டும்தான் கேக்கும்."

அந்த ஒரு வசனத்தில்தான் நான் விழுந்தேன்.

கடைக்காரர் அந்தக் காணொளியைத் தன் போனில் எனக்கு இரண்டு தரம் போட்டுக் காட்டினார். "அண்ணை, உவ்வளவு பெரிய ஆள் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எடுத்தவர். அவருக்குச் சரியெண்டால் எங்களுக்கு என்ன குறை?" என்றார். கமரா என் கையில் இருந்தது ஐந்து நிமிடம். பற்றறி முக்கால்வாசி இறங்கியிருந்தது. கடைக்குள் நின்று அவரையும் எதிர்க் கடை வாசலையும் நாலு படம் எடுத்துப் பின்திரையில் பார்த்தேன், வடிவாக இருந்தது. வொரண்டி என்ன மாதிரி என்று கேட்டேன். "கொம்பனி வொரண்டி, ஒரு வருஷம்" என்றார். ஒரு அட்டையில் கடை முத்திரையைக் குத்தித் தந்தார். பில்லில் என்ன எழுதினார் என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை. பதாகையில் இருந்த மனிதரின் மீது எனக்கிருந்த நம்பிக்கை அப்படி.

கமரா வாங்கி மூன்றாம் கிழமை மானிப்பாயில் ஒரு கலியாணம். மண்டபம் முழுக்க எல்ஈடி விளக்குகள், மணவறைக்கு மேலே நிறம் மாறுகிற விளக்குகள் வேறு. தாலி கட்டும் நேரம் வந்ததும் சைலன்ற் ஷட்டரைப் போட்டேன். உண்மையாகவே சத்தமில்லை. கெட்டிமேளம் மட்டும் கேட்டது. எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தபோது கை நடுங்கியது. அந்த ஒரு மணித்தியாலத்தில் எடுத்த 340 படங்களில் 212இல் குறுக்கே கோடுகள். மாப்பிள்ளை கையில் தாலிக்கொடி, அதன் மேலே ஒரு கறுப்புப் பட்டை, கீழே ஒரு மஞ்சள் பட்டை, பொம்பிளையின் முகத்தின் பாதி இருட்டு. ஒவ்வொரு படத்திலும் பட்டை வேறு வேறு இடத்தில். பாயில் கோடு விழுந்த மாதிரி.

காரணத்தை அன்றிரவே தேடிப் படித்தேன். நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதனால் மலிவான எல்ஈடி விளக்குகள் பல, செக்கனுக்கு 100 தரம் மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்கு அது தெரியாது. சைலன்ற் ஷட்டரில் பொறிமுறைத் திரை ஓடுவதில்லை, வெளிச்சத்தைப் படமாக்குகிற சென்சர் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படத்தை வாசிக்கும். வாசிப்பு மெதுவான சென்சராக இருந்தால், ஒரு படம் முடிவதற்குள் விளக்கு சில தரம் மங்கிவிடும். மங்கிய நேரத்தில் வாசித்த வரிகள் கறுப்புப் பட்டையாகிவிடும். வேகமாக வாசிக்கிற சென்சர் உள்ள விலைகூடிய கமராக்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மற்றவற்றில் சாதாரண ஷட்டரைப் போட வேண்டும், அல்லது ஷட்டர் வேகத்தை 1/100 செக்கனுக்கோ 1/50 செக்கனுக்கோ இறக்க வேண்டும்.

கசூரினாவில் எல்ஈடி இல்லை. அங்கே இருந்தது சூரியன் மட்டும், அது மங்கி மங்கி எரிவதில்லை. அந்தப் பொழுதில் அந்த இடத்தில் என் பழைய கமராவும் அதே படத்தைத் தந்திருக்கும். ஆனால் என்னுடைய வேலையில் முக்கால்வாசி மண்டபத்துக்குள்ளே, விளக்குக்குக் கீழே. நான் வேலை செய்கிற வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம்கூட அந்தக் காணொளியில் இல்லை. அதைக் கவனிக்காமல் விட்டேன்.

பொம்பிளையின் தகப்பனிடம் போய் உண்மையைச் சொன்னேன். மனிதர் சத்தம் போடவில்லை. "சரி தம்பி" என்றார். அந்தச் "சரி" இன்னும் காதில் கேட்கிறது. அல்பத்துக்கு நான் காசு வாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கோப்பாயில் ஒரு கலியாணம். பதாகையில் இருந்த அதே பெரியவர் மாப்பிள்ளை வீட்டுக்காக வந்திருந்தார், நான் பொம்பிளை வீட்டுக்கு. அவருடைய கழுத்துப் பட்டியில் நான் வாங்கிய கமராவின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. பட்டியில் தொங்கிய கமரா வேறு கொம்பனியுடையது. முன்பக்கப் பெயரின் மேல் கறுப்பு நாடா ஒட்டியிருந்தது. நாடாவின் ஒரு ஓரம் வியர்வையில் கிளம்பியிருந்தபடியால் முதல் இரண்டு எழுத்துத் தெரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. "தம்பி, அது இரண்டு கிழமைக்குக் கொண்டுவந்து தந்தவை. காணொளி எடுத்திட்டுத் திருப்பிக் குடுத்திட்டன். திறமான கமராதான். ஆனால் என்ரை லென்ஸ் எல்லாம் இதுக்குத்தானே இருக்கு" என்றார். காசு வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்னதில் பொய் என்று காட்ட எனக்கு ஒன்றும் கிடைக்கவும் இல்லை. கமரா சத்தமில்லாமல் எடுக்கிறதுதான், படம் வடிவாக வருகிறதுதான். ஆனால் தாலி கட்டும்போது அவர் அதை ஒருநாளும் கையில் பிடித்ததில்லை.

இது ஊருக்குள் மட்டும் நடக்கிற விசயம் இல்லை. 2012இல் நோக்கியா தன் லூமியா 920 போனில் எடுத்த காணொளி என்று ஒரு விளம்பரம் விட்டது. வழியில் நின்ற வாகனத்தின் கண்ணாடியில் பெரிய கமராவோடு ஒருவர் எடுப்பது விம்பமாகத் தெரிந்துவிட்டது, கொம்பனி மன்னிப்புக் கேட்டது. 2016இல் ஹுவாவே தன் போனை விளம்பரப்படுத்தப் போட்ட படத்தின் கோப்புக்குள் தானாகப் பதிகிற விபரத்தில் கனொன் 5டி மார்க் 3 என்ற டிஎஸ்எல்ஆரின் பெயர் இருந்தது. 2018இல் அதே கொம்பனியின் எகிப்து விளம்பரத்தில் போனில் எடுத்த செல்பி போலக் காட்டிய படத்தை உண்மையில் டிஎஸ்எல்ஆரில் எடுத்தார்கள். நடித்த நடிகையே இன்ஸ்டகிராமில் போட்ட படத்தில் அது தெரிந்துவிட்டது.

சினிமா, கிரிக்கெட் முகங்களைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. இந்தியாவில் சச்சின் கனொனுக்கும் பிரியங்கா சோப்ரா நிக்கொனுக்கும் விளம்பர முகமாக இருந்தார்கள். அவர்கள் படம் பிடித்துப் பிழைப்பவர்கள் இல்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தொழில்காரர் சொன்னால்தான் நாங்கள் கேள்வி கேட்காமல் தலையாட்டுகிறோம். கமராக் கொம்பனிகளுக்கு இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்: கனொனுக்கு "எக்ஸ்புளோரர்ஸ் ஒப் லைட்", புஜிபில்முக்கு "எக்ஸ் போட்டோகிராபர்ஸ்", நிக்கொனுக்கும் சோனிக்கும் விளம்பரத் தூதுவர்கள். பெரும்பாலும் உண்மையான திறமைசாலிகள். ஆனால் யாரைப் பிடித்து நிறுத்துவது என்று தீர்மானிப்பது கொம்பனி. 2017இல் டி850 கமரா வந்தபோது நிக்கொன் ஆசியா, மத்திய கிழக்கு, ஆபிரிக்காவிலிருந்து 32 படப்பிடிப்பாளர்களைத் தெரிந்தெடுத்து விளம்பரம் செய்தது. அதில் ஒரு பெண்கூட இல்லை என்று உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்தது. அந்தப் பட்டியலைப் பார்த்து எந்தக் கமரா நல்லது என்று எப்படி அறிவது?

அதைவிடப் பெரிய வித்தியாசம் பழுதாகும்போதுதான் தெரியும். பெரிய தொழில்காரர்களுக்காகக் கனொனிடம் சிபிஎஸ், நிக்கொனிடம் என்பிஎஸ் என்று தனிச் சேவைகள் பல நாடுகளில் உண்டு. பழுது பார்ப்பதில் முன்னுரிமை கிடைக்கும், இடையில் பாவிக்க வேறு கமரா கிடைக்கவும் வாய்ப்பிருக்கிறது. 2020இல் ஏபி செய்தி நிறுவனம் தன் படப்பிடிப்பாளர்களைச் சோனிக்கு மாற்றியபோதும் கமராவோடு சேவை ஒத்தாசையும் சேர்ந்துதான் வந்தது. கோண்டாவிலில் இருக்கிற எனக்குச் சேவை நிலையம் என்றால் கொழும்பு. போக ஒரு இரவு பஸ், வர ஒரு இரவு பஸ்.

அந்தப் பஸ்ஸும் ஏற வேண்டி வந்தது. நாலாம் மாதம் ஷட்டர் அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கமராக் கொம்பனியின் கொழும்பு ஏஜென்டிடம் கொண்டுபோனேன். மேசையில் இருந்த பெண் கமராவின் அடியில் இருந்த இலக்கத்தைக் கணினியில் அடித்துப் பார்த்தார், திரும்பவும் அடித்தார். "இந்தக் கமரா எங்களுக்கூடாக நாட்டுக்குள்ள வரேல்லை அண்ணா" என்றார். கொம்பனி வொரண்டி இல்லை. காசு கட்டித் திருத்துவதென்றால் 92,000.

கடைக்குத் திரும்பி வந்தேன். "கொம்பனி வொரண்டி எண்டு நான் சொல்லேல்லையே, கடை வொரண்டி எண்டுதானே சொன்னனான். ஷட்டர் அதுக்குள்ள வராது" என்றார். அப்போதுதான் பில்லை எடுத்து ஒழுங்காகப் பார்த்தேன். "கமரா - 1, 485,000." கமராவின் மொடல் இல்லை, தொடர் இலக்கம் இல்லை, வொரண்டி பற்றி ஒரு சொல் இல்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் எடுத்துக் கேட்டேன். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். எனக்கு நாலாம் மாதம். மானிப்பாய்க் கலியாணத்தோடேயே இலக்கத்தைக் கொழும்பில் விசாரித்திருந்தால் காலம் இருந்திருக்கும். தயவுசெய்து இந்த மூன்று மாதத்தை மனதில் வைத்திருங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை, அதுவும் சட்டத்தில் இருக்கிறது. தொடர் இலக்கத்தையும் "ஏஜென்ட் வொரண்டி" என்ற சொல்லையும் அதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்த இடத்திலேயே காசை உள்ளே வையுங்கள். இன்னொன்று, கடையில் நிற்கும்போதே ஏஜென்டுக்குப் போன் எடுத்து இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

தொழில்காரரிடம் கேட்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிறகு நான் போய்க் கேட்டதும் ஒரு தொழில்காரரிடம்தான். சுன்னாகத்தில் ஸ்ரூடியோ வைத்திருக்கிற அண்ணை, முப்பது வருட அனுபவம், எந்தப் பதாகையிலும் இல்லாதவர். எது நல்ல கமரா என்று கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல் அலுமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே சின்னக் குண்டு பல்ப் ஒன்று எரிந்துகொண்டிருந்தது, மாரிக்கு லென்ஸில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க. ஒரு கமராவை எடுத்து, கைப்பிடி ரப்பர் வெயிலில் இளகிக் கழன்ற இடத்தைத் தடவிக் காட்டினார். இன்னொன்றில் பிளாஷ் பூட்டும் இடத்தில் உப்புக் காற்றால் பிடித்த துருவைக் காட்டினார். எதைத் திருத்த எவ்வளவு போனது, எத்தனை நாள் காத்திருந்தார் என்று கொப்பி ஒன்றில் திகதியோடு எழுதி வைத்திருந்தார். அரை மணித்தியாலத்தில் அவரிடம் கிடைத்த விபரம் எந்தக் காணொளியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. அவர் எல்லாவற்றையும் தன் சொந்தக் காசில் வாங்கினார், தன் சொந்தக் காசில் திருத்தினார்.

92,000 கட்டி ஷட்டரை மாற்றினேன். காப்புகள் இன்னும் அடைவில் இருக்கின்றன. சைலன்ற் ஷட்டரைத் தொடுவதில்லை, மற்றபடி கமரா வேலை செய்கிறது.

போன கிழமை உரும்பிராயில் ஒரு சாமத்தியவீட்டில் வீடியோ எடுக்க வந்த தம்பி ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு, "அண்ணை, நீங்களே இதைத்தான் பாவிக்கிறீங்கள் எண்டால் நானும் எடுக்கலாம் என்ன?" என்று கேட்டார். மானிப்பாய்ப் படங்களில் இரண்டைப் போனில் திறந்து காட்டினேன். வாங்கிய விலையையும் திருத்திய விலையையும் சொன்னேன். பிறகு கமராவை அவர் கையில் கொடுத்து, அந்த மண்டப விளக்குக்குக் கீழே தன் மெமரி கார்ட்டைப் போட்டுத் தானே எடுத்துப் பார்க்கச் சொன்னேன்.