கெனிவோ எஸ்எல்லா, லீவோவா? மலையகத் தடங்களுக்கு எது?

ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் இந்த இரண்டு மின்சார மலைச் சைக்கிள்களில், இலங்கை மலையகத்தின் அப்புத்தளைப் பக்கம் ஓட்டுபவர்களுக்கு நான் சொல்வது கெனிவோ எஸ்எல். முன்னும் பின்னும் 170 மில்லிமீற்றர் வரை அமுங்கி அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன், எடை சுமார் 19 கிலோ. தேயிலை மலையில் வடிகான் குறுக்கிடும் இடத்திலும், கொழுந்தெடுப்பவர்கள் ஏறும் ஒடுங்கிய படிக்கட்டிலும் சைக்கிளைத் தூக்கித்தான் போகவேண்டும். (கூடையோடு வருபவர்களுக்கு முதலில் வழிவிடுங்கள்.) அங்கே லீவோவைவிடச் சில கிலோ குறைந்தாலும் தோளுக்குத் தெரியும். மழை விட்டபின் வழுக்கும் மண் இறக்கத்தில் வளைத்துத் திருப்புவதும் லேசு.

ஏற்றத்தில் லீவோதான் கெட்டி. மூன்றாம் தலைமுறை லீவோவுக்கு 90 நியூட்டன் மீற்றர் மோட்டர் இழுவை (டோர்க்), 700 வாட் மணி பற்றரி. முதல் தலைமுறை கெனிவோ எஸ்எல்லுக்கு 35, 320தான். அதில் தம்பேதன்னைத் தோட்டத்திலிருந்து லிப்டன் சீட் காட்சிமுனைக்கு ஏறக் காலும் உழைக்கவேண்டும். முழங்கால் நோவுள்ளவர்கள் லீவோவையே எடுங்கள்.