குழலை நம்புவதா, கட்டையை நம்புவதா? ஒரு அரபுத் திரித் துப்பாக்கியின் ஊரும் வயதும்

ஆளுயரத்துக்கு நீண்ட துப்பாக்கி. ஒடிசலான மரக்கட்டை, குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் வெள்ளிப் பட்டைகள், பக்கத்தில் வெடிமருந்து வைக்கும் சின்னக் கிண்ணி. எரியும் திரி அந்த மருந்தில் படும்போது சுடும், அதனால்தான் திரித் துப்பாக்கி. இப்படி ஒன்று விற்பனைக்கு வந்தால் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். ஒருவர் 17ஆம் நூற்றாண்டுத் துருக்கி என்பார், இன்னொருவர் இந்தியா என்பார், மூன்றாமவர் ஓமான், 19ஆம் நூற்றாண்டு என்பார். என் ஓட்டு மூன்றாமவருக்கு. ஆனால் முதலாமவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. குழப்பமே அங்கிருந்துதான் வருகிறது.

அதற்கு முன் ஒரு வேலை. ஒரு குச்சியைக் குழலுக்குள் அடிவரை விட்டு அளந்து, அந்த அளவை வெளியே வைத்துப் பாருங்கள். கிண்ணியின் தீ குழலுக்குள் போகும் பற்றுத்துளைக்கு நன்றாக முன்னாலேயே குச்சி நின்றுவிட்டால் உள்ளே பழைய மருந்தும் குண்டும் இருக்கலாம். அப்புறம் அதைத் தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

இந்தியாவை விலக்குவது எளிது. நம் பக்கத்துத் 'தோடேதார்' துப்பாக்கியின் பின்கட்டை பெரும்பாலும் நேராக ஓடும். அதன் இரு பக்கமும் நீளவாக்கில் இரும்புத் தகடு பதித்திருப்பார்கள். குழலைக் கம்பியாலோ தோல் வாராலோ கட்டியிருப்பார்கள். திரியைப் பிடிக்கும் கொக்கியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கட்டையின் பிளவுக்குள்ளிருந்து எழுந்து கிண்ணியை நோக்கி முன்பக்கம் சாயும் அந்த அமைப்பு இந்தியா, துருக்கி, அரபு நாடு மூன்றிலும் ஒன்றுதான்.

துருக்கிதான் கடினம். குழலைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிய குழல் என்றால் நீரலை போல வரிகள் தெரியும். பின்புறம் துளைகள் இட்ட உயரமான குறிபார்க்கும் தகடு, தங்கம் நிரப்பிய கொல்லர் முத்திரை இரண்டும் இருந்தால் ஒட்டோமான், அதாவது அந்நாளைய துருக்கிப் பேரரசின், பட்டறைக் குழல் என்று சொல்ல இடமுண்டு. ஆனால் அது குழலின் பிறப்பு மட்டுமே. நல்ல குழலை யாரும் தூக்கிப் போடுவதில்லை. துருக்கி, பாரசீகக் குழல்கள் அரேபியாவுக்கு வந்து, கட்டை மாறி, வெள்ளி ஏறி, தலைமுறை தாண்டி ஓடியிருக்கின்றன. இன்னொன்று, ஒட்டோமான் நாட்டிலேயே 18ஆம் நூற்றாண்டுக்குள் திரிக்குப் பதில் கல்லால் பொறி எழுப்பும் சக்கிமுக்கி விசை பரவிவிட்டது. அதனால் கைக்குக் கிடைக்கும் துருக்கித் துப்பாக்கிகளில் திரிவிசையோடு இருப்பவை அரிது.

ஓமானில் இதன் பெயர் 'அபூ ஃபத்தீலா'. 'அபூ' என்றால் தகப்பன், 'ஃபத்தீலா' என்றால் திரி. நம் வழக்கில் 'திரிக்காரன்' என்றால் சரியாக வரும். கட்டையும் வெள்ளி வேலையும்தான் இங்கே சாட்சி. 'கஞ்சர்' எனும் ஓமானிய வளைந்த குத்துவாளின் உறையில் பார்க்கும் அதே நுணுக்கமான வெள்ளிக் கைவேலை இந்தப் பட்டைகளிலும் இருந்தால், இந்த உருவத்தில் துப்பாக்கியை முடித்த ஊர் அதுதான். குழல் எங்கே பிறந்திருந்தாலும், துப்பாக்கிக்கு ஊர் சொல்லும்போது அதைப் பூட்டிய கையின் ஊரைத்தான் சொல்வேன்.

வயதுக்கு வருவோம். குழலில் ஹிஜ்ரி (இஸ்லாமிய) ஆண்டு பொறித்திருந்தால் உடனே மகிழ வேண்டாம். அரபு எண்களில் வட்டமாக இருப்பது ஐந்து, புள்ளிதான் சுழியம். 1250 என்று பொறித்ததை, வட்டத்தையும் புள்ளியையும் சுழியமாக எடுத்து 1200 என்று படித்தால், 1834 ஆக வேண்டியது 1786 வாக்கில் போய் நிற்கும். 0.97ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு கிடைக்கும். அதுவும் குழல் செய்த ஆண்டாகவோ, கைமாறிய ஆண்டாகவோ இருக்கலாம். ஓமானிய வெள்ளிக்கொல்லர் உருக்கிய மரியா தெரசா நாணயத்தை, ஆஸ்திரிய அரசியின் உருவம் பொறித்த அந்த வெள்ளிக் காசை, நினைத்துக்கொள்ளுங்கள். 20ஆம் நூற்றாண்டில் அடித்த காசிலும் 1780 என்றே இருக்கும், ஏனென்றால் அந்த அரசி இறந்த ஆண்டு அது.

கீழ் எல்லை குழல் என்றால், மேல் எல்லை மஸ்கட் துறைமுகம். 1890களில் அங்கே மார்ட்டினி ஹென்றி போன்ற, குழலின் பின்பக்கம் வழியாகத் தோட்டா போடும் பின்னேற்றித் துப்பாக்கிகள் குவியத் தொடங்கின. கையில் காசு உள்ளவன் அதற்குப் பிறகு திரித் துப்பாக்கியைப் புதிதாகச் செய்யச் சொல்லியிருக்க மாட்டான். ஆனால் தென்மேற்கே, இன்றைய யேமனிலுள்ள ஹத்ரமவுத்தில், 1930களிலும் பதூயின் நாடோடிகள் அதைச் சுமந்து திரிந்தார்கள். ஆகவே வெள்ளி குறைவாக, தோலும் பித்தளையுமாக வரும் துப்பாக்கிக்கு நான் இன்னும் கொஞ்சம் பின்னால் வரை இடம் விடுவேன்.

சுற்றுலாக் கடைச் சரக்கும் இதே உருவத்தில் வரும். பற்றுத்துளை குழலின் உட்குழிவு வரை போகிறதா, கிண்ணியைச் சுற்றி இரும்பு அரித்துக் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். சுட்ட துப்பாக்கியில் அந்த அரிப்பு இருக்கும். வெள்ளியை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். பட்டையின் ஓரத்தில் கட்டையோடு சேர்ந்து இறுகிய அழுக்குதான், அந்தப் பட்டை ஆதியிலிருந்தே இருக்கிறதா, நேற்று மாட்டியதா என்று காட்டிக்கொடுக்கும்.