பப்மெடா, கூகுள் ஸ்காலரா? நர்சிங் புராஜெக்டுக்குத் தேடிய அனுபவம்

பி.எஸ்சி நர்சிங் கடைசி வருடத்தில் எங்கள் குழுவுக்குக் கிடைத்த தலைப்பு, வளரிளம் பெண்களிடம் ரத்தசோகை. ரிவியூ ஆஃப் லிட்ரேச்சர், அதாவது முன்பு வந்த ஆய்வுகளைத் தேடித் தொகுப்பது, என் பொறுப்பு. முதல் இரண்டு வாரம், எல்லாத் துறை ஆய்வுக் கட்டுரைகளையும் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் தேடிவிட்டு, அப்புறம் மருத்துவக் கட்டுரைகளுக்கான தேடுதளமான பப்மெடுக்கு மாறினேன். இப்போது ஜூனியர்கள் கேட்டால் பப்மெட் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டுமே இலவசம், போனிலேயே திறக்கும். பழகச் சுலபம் ஸ்காலர்தான். இலவச பிடிஎஃப் இருந்தால் வலது ஓரத்திலேயே லிங்க் நிற்கும். நான் மாறியதற்குக் காரணம் எங்கள் கைடு மேடம் கேட்ட ஒரு கேள்வி: "எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினேம்மா? எத்தனை வந்தது, எத்தனையைத் தள்ளினே? எழுதிக் காட்டு."

என்னால் எழுத முடியவில்லை. ஸ்காலர் 'சுமார்' இத்தனை ஆயிரம் என்று ஒரு எண் காட்டும். ஆனால் முதல் 1000 முடிவுகளுக்கு மேல் பார்க்கவே முடியாது. எதை மேலே வைக்கிறது என்பதற்கும் முழுக் கணக்கு வெளியே தெரியாது. முந்தின வாரம் முதல் பக்கத்தில் பார்த்த ஒரு கட்டுரையை, அதே சொற்களைப் போட்டும் என்னால் மறுபடி பிடிக்க முடியவில்லை.

பப்மெடில் 'அட்வான்ஸ்டு' பக்கத்துக்குப் போனால், அன்று செய்த ஒவ்வொரு தேடலும் எண், நேரம், முடிவுகளின் எண்ணிக்கையோடு வரிசையாக இருக்கும். நாம் போட்ட சொல்லை அது எப்படி விரித்துத் தேடியது என்பதையும் அங்கேயே காட்டும். அனீமியாவை பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் அடித்தாலும் அமெரிக்க எழுத்துக்கூட்டலையும் தானாகச் சேர்த்துக்கொள்ளும். அந்த வரியை அப்படியே நகலெடுத்து, தேடிய தேதியோடு ரிப்போர்ட்டில் ஒட்டினேன். கைடு தன் கணினியில் அதையே போட்டுப் பார்த்தார். இடையில் புதிதாகச் சேர்ந்த ஒன்றிரண்டு தவிர அதே பட்டியல் வந்தது.

இதில் ஒரு குழி உண்டு, நானே விழுந்தேன். பப்மெடின் வயது ஃபில்டர், கட்டுரைகளுக்கு ஒட்டப்படும் மெஷ் என்ற தலைப்புச்சொல் பட்டியலை நம்பி நடக்கிறது. அதில் 'அடோலசென்ட்' என்றால் 13 முதல் 18 வயது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கிலோ வளரிளம் பருவம் 10 முதல் 19 வரை. எங்கள் புராஜெக்ட் பின்னதை எடுத்துக்கொண்டது. ஆக, ஃபில்டரை மட்டும் தட்டினால் 11 வயதுப் பிள்ளைகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு 'சைல்டு' பக்கம் போய்விடும். இதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று. மெட்லைன் என்ற தேர்ந்தெடுத்த இதழ்களின் தொகுப்பில் சேராமல், பிஎம்சி என்ற இலவச முழுக்கட்டுரைக் களஞ்சியம் வழியாக மட்டும் பப்மெடுக்கு வரும் இந்திய இதழ்கள் நிறைய உண்டு. அவற்றின் கட்டுரைகளுக்கு மெஷ் சொல்லே ஒட்டியிருக்காது, ஃபில்டர் போட்டதும் மறைந்துவிடும். நமக்கு மிகவும் வேண்டியவை அவைதான். அதனால் ஃபில்டரை எடுத்துவிட்டு, வயதைக் குறிக்கும் சொற்களைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் தேடும்படி நானே எழுதினேன். முடிவுகள் கூடின, படித்துக் கழிக்கும் வேலையும் கூடியது. ஆனால் எதை ஏன் கழித்தேன் என்று என்னால் சொல்ல முடிந்தது.

நம்பகம் என்று வந்தால், பப்மெடில் இருப்பதே தரச் சான்று ஆகிவிடாது. மெட்லைனுக்கு இதழ்களைத் தேர்வுக் குழு பார்த்துச் சேர்க்கிறது. பிஎம்சி வழியாக வருபவை எல்லாம் அந்தக் குழுவைத் தாண்டி வந்தவை அல்ல. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை விஷயத்தில் பப்மெட் கைகொடுக்கும். எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998-ஆம் ஆண்டு லான்செட் கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. பப்மெடில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் மேலேயே எச்சரிக்கை இருக்கும். ஸ்காலர் வழியாக வேறு ஏதோ தளத்தில் கிடக்கும் பழைய பிரதியை இறக்கினால் அந்த அடையாளம் இல்லாமல் போகலாம்.

ஸ்காலரை நான் விட்டுவிடவில்லை. நல்ல கட்டுரை ஒன்று கையில் கிடைத்தபின், அதை மேற்கோள் காட்டிய புதிய கட்டுரைகளைப் பிடிக்க அதுதான் வேகம். ஆய்வேடுகளும் பப்மெடில் வராது. அதற்கு ஸ்காலர், அல்லது இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்துக்கே நேரே போகலாம்.

நோய் அளவு பற்றிய புள்ளிவிவரத்துக்கு இரண்டுமே வேண்டாம். இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்பது 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்வது. இதை அறிக்கையிலிருந்தே எடுங்கள். முந்தைய கணக்கெடுப்பின் 54.1-ஐ இன்றைய அளவு என்று எழுதிய கட்டுரையை நம்பி நானும் முதல் வரைவில் அதையே போட்டிருந்தேன்.

நான் செய்தது ஒரே ஒரு புராஜெக்ட், அதுவும் எண்ணிக்கை சார்ந்தது. நோயாளிகளிடம் பேட்டி எடுத்துச் செய்யும் ஆய்வுக்கு இதே வழி எவ்வளவு ஒத்துவரும் என்பதை, அப்படிச் செய்த சீனியர் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.