வார்ப்பிரும்பு ரேடியேட்டருக்கு மாற்று: அழகுக்கு முன்னால் வாட்டத்தைப் பாருங்கள்

நீராவியில் சூடாகும் பழைய வீட்டில் குடியேறியவர்கள், முதல் குளிர்காலம் முடிவதற்குள் ஒரு தடவையாவது இதைக் கேட்டிருப்பார்கள்: "ஜன்னலடியில் பூதம் மாதிரி உட்கார்ந்திருக்கிறதே, இதை எடுத்துவிட்டுச் சுவரோடு ஒட்டினாற்போல் ஒன்று வைத்தால் என்ன?" கேள்வியில் தப்பில்லை. அறையைச் சூடாக்கும் இந்தப் பூதம், அதாவது பெரிய வார்ப்பிரும்பு ரேடியேட்டர், 100 கிலோவைத் தாண்டும். சோபா போட இடம் விடாது, பின்னால் தூசி எடுக்கக் கை நுழையாது. ஆனால் கடையில் ரேடியேட்டர் என்ற பெயரில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வெந்நீருக்காகச் செய்தவை. நீராவிக் குழாயில் மாட்டினால் அவை என்ன பாடு படும் என்பதுதான் இந்த அலசல்.

முதலில் உங்கள் ரேடியேட்டருக்கு எத்தனை குழாய் வருகிறது என்று பாருங்கள். ஒன்றுதான் என்றால், ஆவி மேலே வரும் அதே குழாய் வழியாகத்தான், ஆவி குளிர்ந்து மாறிய நீரும் கீழே இறங்குகிறது. மறுமுனையில் விரல் அளவுக்கு ஒரு ஏர் வென்ட் இருக்கும். உள்ளிருக்கும் காற்று அதன் வழியே சீறி வெளியேறினால்தான் ஆவிக்கு இடம். இரண்டு குழாய் என்றால் ஒன்றில் ஆவி வரும், மற்றதில் நீர் போகும். போகும் வழியில் ஸ்டீம் டிராப் காவல் நிற்கும்: நீரை விடும், ஆவியை விடாது. மாற்றுகளில் பாதி, ஒற்றைக் குழாய் என்று தெரிந்தவுடனேயே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

அடுத்து அளவு. ரேடியேட்டர் எவ்வளவு சூடு தரும் என்பதைச் சதுர அடிக் கணக்கில் சொல்வது 'ஈ.டி.ஆர்'. நீராவியில் அதன் ஒரு சதுர அடி என்பது மணிக்கு 240 பி.டி.யு (வெப்பத்தை அளக்கும் அலகு). அறை இழக்கும் வெப்பம் மணிக்கு 6,000 பி.டி.யு என்றால் 25 சதுர அடி போதும். அங்கே நிற்கும் பூதம் பெரும்பாலும் இதைவிடப் பெரிதாக இருக்கும். காரணம் உண்டு. 1918 இன்ஃபுளுயன்ஸா காலத்தில் காற்றோட்டத்துக்காக ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார்கள். திறந்த ஜன்னலோடும் அறை சூடாக வேண்டும் என்று கணக்குப் போட்டே அக்காலத்தில் பல வீடுகளுக்கு ரேடியேட்டர் வைத்தார்கள். இன்று ஜன்னலும் புதிது, சுவருக்குள் இன்சுலேஷனும் இருக்கிறது. சின்னதாக மாற்ற இடம் இருக்கிறது என்பது நல்ல செய்தி. எதற்கு மாற்றுவது என்பதில்தான் சிக்கல்.

தகடு அடுக்கிய பேஸ்போர்டு

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். செம்புக் குழாய், அதன்மேல் நெருக்கமாக அலுமினியத் தகடுகள், மேலே ஒரு தகர மூடி. சுவரோரம் தாழ்வாக ஓடும், விலையும் குறைவு. வெந்நீர் வீடுகளில் இதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது.

எங்கள் பின்னறையில் இதை ஒற்றைக் குழாயில் மாட்டிவைத்திருந்தார்கள். முன்பு யாரோ செய்த வேலை. விடிகாலையில் பாய்லர் கிளம்பியதும் சுத்தியலால் குழாயை அடிப்பதுபோல் சத்தம் வரும். முழங்கால் போட்டு மூடியைக் கழற்றி, குழாய்மேல் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவில் நிற்கவில்லை; ஆவிக் குழாய் வந்து சேரும் வால்வுப் பக்கத்தை விட்டு விலகி நிற்க வேண்டியது, அந்தப் பக்கமே ஒண்டிக்கொண்டிருந்தது. அதாவது வால்வுப் பக்கம்தான் உயரம். தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் தூர முனையில் தேங்கும். சீறி வரும் ஆவி அதை வாரிக்கொண்டு போய் மூலையில் மோதும். அந்தச் சத்தம் இதுதான்.

வாட்டத்தை, அதாவது நீர் வழிந்தோடுவதற்கான சரிவை, சரிசெய்தால் சத்தம் பாதி குறையும், மீதி போகாது. முக்கால் அங்குலக் குழாய்க்குள் ஆவி ஒரு பக்கமும் நீர் எதிர்ப்பக்கமும் போவது, சந்துக்குள் இரண்டு லாரி எதிரெதிரே வந்த கதைதான். பெரிய குழாய்களுக்கே ஆவியும் நீரும் ஒரே திசையில் போனால் 20 அடிக்கு 1 அங்குலம், எதிரெதிரே என்றால் 10 அடிக்கு 1 அங்குலம் வாட்டம் கொடுப்பது வழக்கம். பேஸ்போர்டு மூடிக்குள் அவ்வளவு வாட்டம் கொடுத்தால் கண்ணுக்கே கோணலாகத் தெரியும். இரட்டைக் குழாய் இருந்து, நீராவிக்கென்று செய்த தடித்த இரும்புக் குழாய் வகையை வாங்கி, கடைசியில் டிராப் போட்டால் ஓடும். மற்றபடி வேண்டாம்.

சத்தம் போகட்டும், இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. வார்ப்பிரும்பு மெல்லச் சூடாகும், பாய்லர் நின்ற பிறகும் வெகுநேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். தகடு உடனே சூடாகும், உடனே ஆறும். தெர்மோஸ்டாட் ஹாலில் வார்ப்பிரும்புக்குப் பக்கத்தில் இருந்தால், ஹால் இன்னும் கதகதப்பாக இருக்கும்போதே பின்னறை சில்லிட்டுப்போகும். ஒரே பாய்லரில் இரண்டையும் கலந்தால் ஏதோ ஒரு அறை எப்போதும் புகார் சொல்லிக்கொண்டேதான் இருக்கும்.

எஃகுப் பேனலும் அலுமினியமும்

தட்டையான எஃகுப் பேனல் பார்க்க மிக அழகு. ஆனால் அது மூடிய வெந்நீர் சுற்றுக்காகச் செய்தது. அங்கே ஒரே நீர் சுற்றிச் சுற்றி வரும், புதிதாக ஆக்சிஜன் நுழையாது. நீராவி அமைப்போ மூச்சுவிடும். ஒவ்வொரு முறை பாய்லர் அணையும்போதும் வென்ட் வழியே காற்றை உள்ளே இழுக்கும். ஈரம், காற்று, மெல்லிய தகடு மூன்றும் சேர்ந்தால் துரு சும்மா இருக்காது. நீராவிக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் யோசிக்கலாம். அலுமினிய ரேடியேட்டர் பற்றிப் பேச்சே வேண்டாம்: பாய்லர் துருப்பிடிக்காமலிருக்க நீரைக் காரத்தன்மையோடு வைப்பார்கள், அந்தக் காரமே அலுமினியத்தை அரிக்கும்.

பெட்டிக்குள் கன்வெக்டர்

சுவருக்குள் புதைத்த பெட்டி, அடியில் சூடேறும் பாகம், கீழும் மேலும் திறப்பு. குளிர்ந்த காற்று கீழே நுழைந்து, சூடாகி மேலே வெளியேறும். பெட்டியின் உயரம்தான் புகைபோக்கி வேலை செய்கிறது. இரட்டைக் குழாய் வீட்டில் இது கௌரவமான மாற்று. உள்ளே இருப்பது வார்ப்பிரும்பு என்றால் இன்னும் நல்லது. வருடம் ஒருமுறை தூசி உறிஞ்ச வேண்டும். திரைச்சீலையால் மேல் திறப்பை மறைத்தால் வாங்கியதே வீண்.

பாய்லரிலிருந்து வெந்நீர்ச் சுற்று

பலருக்குத் தெரியாத வழி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். நீராவி பாய்லரின் அடிப்பாகம் முழுக்க வெந்நீர்தான். நீர்மட்டத்துக்குக் கீழே இருந்து அந்த நீரை எடுத்து, ஒரு வெப்பப் பரிமாற்றி வழியாகப் பம்பு வைத்து ஓட்டினால், மறுபக்கம் தனி மூடிய சுற்று கிடைக்கும். அதில் பேஸ்போர்டு, பேனல் எது வேண்டுமானாலும் போடலாம். பரிமாற்றி இல்லாமல் பாய்லர் நீரையே நேராக மேல்மாடிக்கு ஏற்றினால், உயரத்தில் அழுத்தம் குறைந்து குழாய்க்குள்ளேயே கொதிக்கத் தொடங்கும். நிலவறைக்கு மட்டும் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

பாய்லர் தாங்குமா? நீராவி பாய்லருக்கு அளவு போடும்போதே, குளிர்ந்த குழாய்களைச் சூடேற்றவென்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வைப்பது வழக்கம். ஒரு சிறிய அறையை அதில் சமாளிக்கலாம். புதிதாகக் கட்டிய அறை, நிலவறை, சமையலறை என்று ஒன்றிரண்டு இடத்துக்கு இது கச்சிதம். பம்பு, கட்டுப்பாடு, பரிமாற்றி என்று செலவு கூடும் என்பது உண்மை.

மொத்த வீட்டையுமே வெந்நீருக்கு மாற்றிவிடலாமே என்பார்கள். அதே இரும்பில் 170 டிகிரி ஃபாரன்ஹீட் வெந்நீர் ஓடினால் சதுர அடிக்கு 240 பி.டி.யுவுக்குப் பதில் 150தான் கிடைக்கும். ரேடியேட்டர்கள் தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் அது போதும். ஆனால் 2 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைக்கூடக் காணாத பழைய மூட்டுகள் திடீரென்று 12க்கு மேல் தாங்க வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள்: ரேடியேட்டரில் வரிசையாகக் கோத்திருக்கும் துண்டுகளான செக்‌ஷன்கள் அடியில் மட்டும் இணைந்திருந்தால் அது நீராவிக்கு மட்டுமே ஆனது; மேலேயும் கீழேயும் இணைந்திருந்தால் இரண்டுக்கும் ஆகும்.

ஒரே ஓர் அறைக்கு ஹீட் பம்பு (ஏசி போல மின்சாரத்தில் ஓடி அறையைச் சூடாக்கும் கருவி) வைப்பதும் நல்ல யோசனையே. தெர்மோஸ்டாட் இருக்கும் அறையில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்த அறை சூடாகிவிட்டால் பாய்லர் கிளம்பவே கிளம்பாது, மற்ற அறைகளில் எல்லோரும் போர்வைக்குள்.

வார்ப்பிரும்புக்கு மாற்று, ஒல்லி வார்ப்பிரும்பு

ஒற்றைக் குழாய் வீட்டுக்கு என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். மெல்லிய குழாய் வகையில், 25 அங்குல உயரமுள்ள நான்கு குழாய்ச் செக்‌ஷன் ஒன்று சுமார் 2 சதுர அடி ஈ.டி.ஆர் தரும். மேலே சொன்ன 6,000 பி.டி.யு அறைக்கு 13 செக்‌ஷன். நீளம் 2 அடிக்குள், ஆழம் நாலரை அங்குலத்தை ஒட்டி. பழைய பூதம் அடைத்த இடத்தில் பாதிகூட வேண்டாம். ஆறும் வேகம் மற்ற அறைகளோடு ஏறக்குறைய ஒத்துப்போகும், அதே வென்ட், அதே வால்வு. பழைய இரும்புக் கடையில் வாங்குவதானால் அழுத்தச் சோதனை செய்யாமல் வீட்டுக்குள் தூக்கி வராதீர்கள்.

எங்கள் பின்னறையில் கடைசியில் வந்தது இதுதான். பிளம்பர் பொருத்திவிட்டுப் போன பிறகு ரசமட்டத்தை மறுபடி எடுத்தேன். வால்வுக்கு எதிர்ப்பக்கத்து இரண்டு கால்களுக்கடியில் இரண்டிரண்டு நாணயங்களைச் செருகினேன். குமிழி வென்ட் பக்கம் நகர்ந்தது. வால்வைப் பாதி திறக்காமல் முழுக்கத் திறந்துவிட்டேன். பாதி திறந்தால் ஒற்றைக் குழாயில் தண்ணீர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மறுநாள் விடிகாலை வென்ட் மெதுவாகச் சீறிய சத்தம் மட்டும் கேட்டது.