சம் மணல்மேடா, குரிக் கிராமமா? பிள்ளைகளோடு ஓர் ஒட்டகப் பயணம்

ஒட்டகத்தில் ஏறிப் பாலைவனம் பார்க்க வேண்டும் என்பது மகளின் நெடுநாள் ஆசை. அவளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. அம்மாவுக்கு அறுபத்தாறு. போன டிசம்பர் விடுமுறையில் ஐந்து பேருமாக யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னை, பிறகு டெல்லி, அங்கிருந்து இரவு ரயிலில் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் என்று போய்ச் சேர்ந்தோம்.

ஜெய்சல்மேரில் ஒட்டகம் ஏற எல்லோரும் சொல்வது இரண்டு இடங்களைத்தான். மேற்கே சுமார் 40 கிலோமீற்றரில் சம். தென்மேற்கே ஐம்பதுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் குரி. சம்மில் ஒரு மாலைதான் நின்றோம், குரியில் ஓர் இரவு தங்கினோம். என் மனம் குரிப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சம்மில் மணல்மேடுகள் உயரமானவை, அழகானவை. வீதியை ஒட்டி வரிசையாகக் கூடார முகாம்கள், இரவில் பாட்டும் நடனமும், மேட்டில் ஏறி இறங்கும் ஜீப்புகள். ஒட்டகத்தில் அரை மணித்தியாலம் போய், சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு அது போதும். ஆனால் யாழ்ப்பாணத்து மணற்காடு கிராமத்தில் சவுக்குத் தோப்பருகே மணலில் உருண்டு விளையாடிய பிள்ளைகளுக்கு மணல்மேடு புதிதில்லை. அவர்களுக்குப் புதிது, எந்தப் பக்கம் திரும்பினாலும் கடலும் தெரியாத, ஆளும் தெரியாத வெளி. அது சம்மில் கிடைக்கவில்லை. குரியில் கிடைத்தது. ஊரைத் தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே மகன், “அப்பா, ஏன் ஒருத்தரையும் காணேல்லை?” என்று மெதுவாகக் கேட்டான்.

சரி, அப்படியானால் எல்லோரும் குரிக்கே போகலாமா? அதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு கேள்வி: சேணத்தில் எத்தனை மணித்தியாலம்? விலை, சாப்பாடு, கூடாரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒட்டகம் ஒரு பக்கத்து முன்காலையும் பின்காலையும் ஏறக்குறைய ஒன்றாக எடுத்து வைக்கும். அதனால் உடம்பு ஊஞ்சலில் இருப்பதுபோல ஆடிக்கொண்டே போகும். முதல் கால் மணி சுகம். அகலமான சேணத்தில் கால்களை விரித்தபடி இருப்பதால், ஒரு மணித்தியாலம் கடந்தால் உள்தொடையும் இடுப்பும் பிடிக்கத் தொடங்கும். கால் வைக்க வளையம் இல்லாவிட்டால் இன்னும் சிரமம். ஒட்டகம் எழும்போது பின்கால்களைத்தான் முதலில் நிமிர்த்தும். சட்டென்று முன்பக்கம் சரிவோம், அப்போது நன்றாகப் பின்னுக்குச் சாய வேண்டும். அம்மாவுக்கு இதை இரண்டு தரம் சொல்லித்தான் ஏற்றினோம். மகனை என் முன்னால் வைத்துக்கொண்டேன். ஒட்டகக்காரர் கயிற்றைப் பிடித்து நடந்தே வந்தார்.

முக்கால் மணித்தியாலம் போனதும் அம்மா, “தம்பி, என்னை இறக்கி விடு, நான் நடக்கிறன்” என்றார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒட்டகத்துக்குப் பக்கத்தில் நடந்தார். பிள்ளைகளும் இறங்கினார்கள். வழியில் நின்ற கேஜ்ரி மரத்தை அம்மாதான் அடையாளம் கண்டார். நம் கோயில்களில் நிற்கும் வன்னி மரமேதான் அது. அதன் காயைக் காயவைத்துச் செய்த சாங்கிரிக் கறியும் கம்பு ரொட்டியும்தான் இரவுச் சாப்பாடு. காய்ந்த பனங்கிழங்கான ஒடியலை இடித்துக் கூழ் காய்ச்சும் நமக்கு அந்தக் காய்ந்த ருசி அந்நியமாகப் படவில்லை.

ஆகவே குரிக்குப் போவதென்றால் பேசும்போதே இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் எத்தனை நேரம் சேணத்தில் இருக்க வேண்டும்? நடுவில் இறங்கி நடக்கலாமா? காலையில் திரும்பி வர ஜீப் அனுப்புவார்களா? நகரத்தில் எங்களுக்கு முதலில் ஏற்பாடு பேசியவர் ‘இரண்டு மணித்தியாலம்’ என்றார். போக மட்டும் இரண்டு, வர இரண்டு என்பது துருவிக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அதை விட்டுவிட்டு, மாலையில் ஒன்றரை மணித்தியாலம் ஒட்டகம், காலையில் ஜீப் என்று வேறிடத்தில் பேசினோம். முதுகுவலி உள்ள பெரியவர்களோ நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளையோ கூட வந்தால் நான் சம்மைத்தான் சொல்வேன். இரண்டு மூன்று நாள் ஒட்டகத்திலேயே போகும் பயணங்களும் உண்டு. நாங்கள் ஓரிரவுக்கு மேல் போகவில்லை, அதனால் அதைப் பற்றி நான் பேசுவது சரியில்லை.

குளிரைக் குறைத்து நினைக்காதீர்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே 10 பாகைக்குக் கீழே போகும். மார்கழிப் பனிக்கே காதைப் பொத்தும் நாங்கள் மணலில் கயிற்றுக் கட்டிலில், இரண்டு பஞ்சுப் போர்வைக்குள் படுத்தோம். சித்திரை விடுமுறைக்குப் போகலாம் என்று நினைக்கவே வேண்டாம், வெயில் 40 பாகையை எட்டும். காலையில் ஜீப் வந்து நின்றபோது அம்மாவும் மகனும் ஓடிப்போய் ஏறினார்கள். மகள் மட்டும் ஒட்டகத்திலேதான் வருவேன் என்று நின்றாள். அவளோடு மனைவியும் ஒட்டகத்திலேயே திரும்பி வந்தார்.